வாச்சருக்காகச் சொன்ன மந்திரம்

கொட்டாஞ்சேனையில் கிளெமென்றின் காரில் ஏறிப் போய்க் கல்யாணம் கட்டியவர்களை எண்ணினால் ஒரு சின்ன ஊரே தேறும். ஆஸ்பத்திரிக்கு வயிற்றோடு போய்ப் பிள்ளையோடு திரும்பியவர்கள் இன்னொரு ஊர். அப்படிப்பட்ட காரில் ஏற மாட்டேன் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்ன ஒரே ஆள் அவருடைய மனைவி எமரன்சியா. அதுவும் தங்கள் கல்யாண வெள்ளி விழாப் பயணத்துக்கு.

வெள்ளவத்தையில் குடியிருந்த மகள் பெர்னடெற் தொடக்கி வைத்த காரியம் அது. 1974ஆம் ஆண்டு ஆவணி மாதம். அவளுடைய புருஷன் வேலை பார்த்த வங்கிக்குப் பண்டாரவளையில் ஒரு விடுமுறை பங்களா இருந்தது. அதைத் தாய் தகப்பனுக்கென்று மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கி, அனுமதிக் கடிதத்தையும் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். கிளெமென்றுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே ஒஸ்வால்டின் கராஜுக்குப் போய் பிறேக்கைப் பார்த்தார், ஒயிலை மாற்றினார், பின் சீற்றின் உறைகளைக் கழற்றித் தோய்க்கக் கொடுத்தார். இருபத்து நாலு வருஷமாக ஹயர் என்று வாடகைக்குக் கார் ஓட்டுகிற மனுஷன். ஊரான் வீட்டுப் பெண்டு பிள்ளைகளையெல்லாம் மலைநாட்டுக்கு ஏற்றி இறக்கியவர், சொந்த மனைவியை ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. இப்போதாவது தன்னுடைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் ஒரு ராணியைப் போல அவளைக் கொண்டுபோக வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

எமரன்சியா சட்டி கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு, கார் வேண்டாம், ரயில் கோச்சியில் போவோம் என்றாள்.

கிளெமென்ற் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பெற்றோல் விற்கிற விலை தெரியும்தானே என்றாள். அதெல்லாம் தன் பாடு என்றார் அவர். வழியில் அரிசிப் பொலிஸ் மறித்து டிக்கியைத் திறக்கச் சொல்லுவான் என்றாள். அந்த வருஷங்களில் அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை. கல்யாணக் காரையே மறித்து மாப்பிள்ளையை இறக்கித் தேடிய கதையெல்லாம் உண்டு. நாம் மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோவோம், அதற்கு இன்னும் பொலிஸ் வரவில்லை என்றார். வளைவுகளில் வாந்தி வரும் என்றாள். வாந்தி எடுக்கிறவர்கள் வேறு ட்றைவரோடு போனவர்கள் என்றார். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வீடு வீடாக மந்திரிக்கிற சுவாமியாரைப் போல நின்று நின்று போகும், நான் மத்தியானச் சாப்பாட்டுக்கே கொண்டுபோய் விடுவேன் என்று கடைசி அம்பையும் விட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, காரில போனா நீங்கள் ட்றைவர், நான் ஹயர். கோச்சியில போனாத்தான் ரெண்டு பேரும் பயணம் போறது."

கிளெமென்ற் அதோடு விட்டுவிட்டார். பேச்சில் தோற்றதனால் அல்ல. என்னோடு காரில் தனியாக இருக்க இவளுக்கு இன்னும் மனம் இல்லை என்று அவருக்கு உறைத்தது. ஐந்து வருஷமாக அவர் பயந்திருந்ததும் இதற்குத்தான்.

கதை அதற்கும் முந்தியது. 1968 சித்திரையில், புறக்கோட்டைச் சுப்புராமன் செட்டியார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளெமென்ற் நுவரெலியாவில் நின்றார். செட்டியார் வருஷம் தவறாத ஹயர். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் தந்தி வந்தது: பேசாலையில் எமரன்சியாவின் தகப்பனுக்கு வருத்தம் கடுமை, உடனே வரவும். அவள் ராசிக் முதலாளியின் பலசரக்குக் கடைக்கு ஓடிப்போய், அங்கேயிருந்த ரெலிபோனில் நுவரெலியா கெஸ்ட் ஹவுசைப் பிடித்து, அங்கே காவலுக்கு நின்ற வாச்சரிடம் செய்தி சொன்னாள். பிறகு வெளிக்கிட்டு உடுத்துக்கொண்டு, புருஷன் காரோடு வந்துவிடுவார் என்று காத்திருந்தாள். அந்த நம்பிக்கையில் அன்றிரவுத் தலைமன்னார் மெயில் ரயிலையும் விட்டுவிட்டாள். சனிக்கிழமையும் கார் வரவில்லை. அன்றிரவு மெயிலில் ஏறி ஞாயிறு காலை போய் இறங்கினபோது, கிழவரை அடக்கம் பண்ணி ஒரு இரவு கழிந்திருந்தது.

கார்க்காரன் பெண்சாதிக்குத் தகப்பன் முகம் பார்க்கக் கார் இல்லை என்று பேசாலைச் சனம் பேசியது. கிளெமென்ற் வந்து, செய்தி தனக்குக் கிடைக்கவே இல்லை, அந்த வாச்சர் மறந்துபோனான் என்றார். எல்லோரும் நம்பினார்கள். எமரன்சியாவும் நம்பினாள்.

அது பச்சைப் பொய். செய்தி வெள்ளி பின்னேரமே அவர் கைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை செட்டியார் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரைப் பந்தயம் காட்ட வேண்டும். கிழவருக்கு முன்னமும் இரண்டு தடவை இப்படித் தந்தி வந்து, ஆட்கள் போய்ச் சேருமுன் அவர் எழும்பியிருந்து மீன் குழம்பு கேட்டிருக்கிறார். இதுவும் அப்படித்தான் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு, வாச்சர் எழுதித் தந்த துண்டுக் கடதாசியை மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தார். செட்டியாரிடம் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த மனுஷன் போகச் சொல்லியிருப்பார். அதுதான் கிளெமென்றை அதிகம் தின்றது.

பதினாறு மாதம் அதை நெஞ்சில் வைத்திருந்தார். அடுத்த வருஷம் ஆவணியில் மடு மாதா திருநாளுக்குப் போய்த் திரும்புகையில் காரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். மதவாச்சி தாண்டியதும், ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல், எல்லாவற்றையும் சொல்லி, என்னை மன்னித்துவிடும் என்று கேட்டார். பக்கத்து சீற்றில் இருந்த எமரன்சியா ஒரு வார்த்தை சொல்லவில்லை. யன்னலால் காட்டைப் பார்த்தபடியே வந்தாள். கொழும்பு வரைக்கும் அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு அவள் காரில் ஏற நேர்ந்தால் பின் சீற்றில்தான் இருந்தாள். போதாக்குறைக்கு இன்னொன்று. தகப்பன் செத்த வருஷம் தொடங்கி, ஒவ்வொரு நாளும் செபமாலை முடிந்த பிறகு அவள் மாதாவுக்கு ஒரு அருள் நிறை மந்திரம் மேலதிகமாகச் சொல்லி வந்தாள்; அதை இப்போதும் நிறுத்தவில்லை. "அந்தக் கெஸ்ட் ஹவுஸ் வாச்சருக்காக" என்று தொடங்கித்தான் சொல்லுவாள். உண்மை தெரிந்த பிறகும் இவள் வாச்சருக்காகச் செபிக்கிறாள் என்றால், அது என் காதில் ஊசி ஏற்றத்தான் என்று கிளெமென்ற் நினைத்தார். ஐந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்த ஊசியை வாங்கிக்கொண்டு முழங்காலில் நின்றார். மன்னிக்க மாட்டாள், விட்டும் போக மாட்டாள், சோறும் போடுவாள். இதுதான் எனக்கு விதித்த தண்டனை என்று எடுத்துக்கொண்டார்.

ஆகவே, அவள் கேட்டபடி கோச்சியிலேயே போவது என்று முடிவாயிற்று. காரை ஒஸ்வால்டிடம் ஒப்படைத்து, காலையில் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி மூன்று தடவை சொன்னார்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் உடரட்ட மெனிக்கே ரயில் வந்து நின்றதும், கிளெமென்ற் முண்டியடித்து ஏறி இடப்பக்கத்தில் ஒரு யன்னல் சீற்றைப் பிடித்தார். தகப்பன் முகம் பார்க்கக் கிடைக்காதவளுக்கு யன்னலாவது கொடுக்கலாம் என்ற எண்ணம். எமரன்சியா அதில் இருக்கவில்லை. நீங்கள் யன்னலில் இருங்கள், நான் இப்பால் இருக்கிறேன் என்று நடைபாதைப் பக்கமாக, அவருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஓரத்தில் இருந்தால் வேண்டிய நேரம் எழும்பிப் போகலாம் என்று பார்க்கிறாளாக்கும் என்று அவர் மனம் சுருங்கியது. சந்தேகம் பிடித்தவனுக்குச் சாம்பாரிலும் புளி அதிகம்.

வண்டி புறப்பட்டது. இருபத்து நாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன் சும்மா இருப்பது லேசான காரியமா? றம்புக்கணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும், இப்போது கியர் மாற்ற வேண்டும் என்றார். கடுகண்ணாவை வளைவுகளில் வலக்கால் தானாக எழும்பிப் பலகையை மிதித்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வயலும் தென்னையுமாக விரிந்து கிடந்தது. அதே மலையில் கார் ரோட்டால் எத்தனை நூறு தரம் ஏறியிருப்பார். "இடப்பக்கம் பாருங்கோ, வலப்பக்கம் பாருங்கோ" என்று பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டியவர், தான் பார்த்தது முன்னால் போகும் லொறியின் பின்புறத்தை மட்டும்தான்.

எமரன்சியா மரவள்ளிக் கிழங்கையும் கட்டைச் சம்பலையும் பிரித்து வைத்தாள். கதையுங்கள், ஏன் பேசாமல் வருகிறீர்கள் என்றாள். கிளெமென்றுக்கு ஆச்சரியம். சரி என்று, தெரிந்த இடங்களைச் சொல்லத் தொடங்கினார். இந்தப் பாலத்தடியில்தான் ரயர் வெடித்தது, அந்தக் கடையில்தான் பால் அப்பம் நல்லது என்று. அவள் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள். நாவலப்பிட்டி வரும்போது இரண்டு பேரும் பத்து வருஷத்தில் பேசாத அளவு பேசியிருந்தார்கள். இவள் என்ன நினைக்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஹற்றனில் ஒரு முஸ்லிம் அம்மா ஏறினார். பேர் உம்மு குல்தூம். நானுஓயாவில் மகள் வீட்டுக்குப் போகிறவர். அதையெல்லாம் ஏறி ஐந்து நிமிஷத்துக்குள் பெட்டி முழுவதுக்கும் சொல்லிவிட்டார். நடைபாதைக்கு அப்பால், எமரன்சியாவின் வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளை மகள் என்று கூப்பிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். எமரன்சியா முன்னால் பார்த்தபடி இருந்தாள். திரும்பவும் கேட்டார். பதில் இல்லை. கிளெமென்றுக்குக் கூச்சமாகிவிட்டது. உம்மு குல்தூம் கை நீட்டி எமரன்சியாவின் தோளைத் தொட்டார். எமரன்சியா உடம்பை முழுதாகத் திருப்பி, இடது காதை அவர் பக்கம் கொண்டுபோனாள்.

"அந்தக் காது வெளங்கற இல்லயா மகள்?" என்றார் உம்மு குல்தூம்.

"ஓம் உம்மா. ஆறு வருஷமாகுது. கூகைக்கட்டுக் காய்ச்சல் வந்து, வலது காது அடியோட போச்சு."

சாதாரணமாகச் சொன்னாள். பிறகுதான் பக்கத்தில் புருஷன் இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காய்ச்சல் வந்தது கிளெமென்றுக்குத் தெரியும். அது 1968 மார்கழியில், அவர் யாத்திரிகர்களோடு கதிர்காமத்தில் நின்ற கிழமை. காது போனது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் முந்தானையைத் திருகினாள். அப்பு செத்த வருஷம், கதைக்கவே மனம் இருக்கவில்லை என்றாள். பிறகு வெட்கம், ஒழுங்கைச் சனமெல்லாம் செவிட்டு மாமி என்று பேர் வைத்துவிடும். ஒரு காது நல்லாக இருந்ததால் சமாளித்துக்கொண்டாள். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வீட்டில் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக நின்றால் போதும்.

"காரிலதான் ஒண்டும் செய்யேலாது," என்றாள். "உங்கட பக்கம் வாறது செத்த காது. நீங்கள் கதைச்சாலும் எனக்கு இஞ்சின் சத்தம்தான். அதுதான் பின்னால போய் இருந்தனான். ஒருநாள் முழுக்க நீங்கள் கதைக்கக் கேக்க வேணும் எண்டுதான் கோச்சி கேட்டனான்."

கிளெமென்ற் கணக்குப் பார்த்தார். மதவாச்சி. இடப்பக்கத்து சீற். வலது காது. மெல்ல மெல்ல எல்லாம் ஓரிடத்தில் வந்து பொருந்தியது. அவள் மன்னிக்காமல் இருக்கவில்லை. அவள் கேட்கவே இல்லை. வாச்சருக்காகச் சொன்ன மந்திரத்தில் ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது உண்மையிலேயே வாச்சருக்காகச் சொன்னது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து வருஷப் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் உம்மு குல்தூமுக்கும் ஒரு துண்டு கிழங்கு கொடுத்தார்.

சந்தோஷம் தலவாக்கலை வரைக்கும்கூட நிலைக்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்றால், அவளுக்கு இன்னும் தெரியாது. சொன்ன பாவம் சொல்லாத பாவமாகிவிட்டது. இனிச் சொல்லாமலே விட்டாலும் யாருக்குத் தெரியப் போகிறது? இப்படிச் சிரித்துக் கதைத்துக்கொண்டு வருகிறவளிடம், வெள்ளி விழாப் பயணத்தில், செத்த தகப்பனைத் தோண்டி எடுக்க வேண்டுமா? வாயை மூடிக்கொண்டால் இதே சிரிப்போடு சாகும்வரை இருந்துவிடலாம். யன்னலுக்கு வெளியே, அவர் எத்தனையோ பேருக்குக் கை காட்டிய பெரிய அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பார்க்க வசதி வந்த இந்த ஒரு நாளிலும் அவர் அதைப் பார்க்கவில்லை.

நானுஓயாவில் உம்மு குல்தூம் எல்லோருக்கும் ஸலாம் சொல்லி இறங்கிப் போனார். வண்டி பனிப் புகாருக்குள் ஏறியது. மழை தூறிற்று. எமரன்சியா சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் பக்கம் சரிந்து, ஏன் திடீரென்று வாயடைத்துப் போனீர்கள், இன்னும் கதையுங்கள் என்றாள். அந்த நல்ல காது அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய்யைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை.

"எமரன்சி, நுவரெலியாவில அந்தத் துண்டு எனக்குக் கிடைச்சது. வாச்சர் ஓடி வந்து கையில தந்தவன். நான்தான் வரயில்ல."

அவள் நிமிர்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எத்தினை மணிக்குத் தந்தவன்?"

"வெள்ளி பின்னேரம் ஆறு மணி."

"ஆறு மணிக்கு வெளிக்கிட்டிருந்தா?"

"பதினொரு மணிக்கு வீட்ட. விடியக்குள்ள பேசாலையில நிண்டிருப்பம்."

"அப்பு சனிக்கிழமை காலமை பத்து மணி மட்டும் கண் முழிச்சிருந்தவர்," என்றாள் எமரன்சியா.

கிளெமென்ற் ஓம் என்றார். குதிரைப் பந்தயம், செட்டியார், மீன் குழம்பு எல்லாவற்றையும் சொன்னார். மடுவில் இருந்து திரும்புகையில் சொன்னதையும், அவள் காட்டைப் பார்த்ததையும் சொன்னார். எதையும் சாட்டாகச் சொல்லவில்லை. முடிவில், மன்னித்துவிடும் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டார்.

"எழும்புங்கோ. நான் யன்னலில இருக்கப் போறன்," என்றாள் அவள்.

எழும்பி இடம் விட்டார். அவள் யன்னலோரம் போய், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கிளெமென்ற் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. இப்போது அவர் பக்கம் இருந்தது அந்தச் செத்த காது. இனி அவர் கத்தினாலும் அவளுக்குச் சக்கரச் சத்தம்தான். மதவாச்சியில் அவள் அறியாமல் செய்ததை இப்போது அறிந்து செய்திருக்கிறாள். அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் பொய் சொல்லிக்கொண்டு இருந்த வலி அல்ல இது.

பட்டிப்பொல தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் போனது. வெளியே வந்தபோது மழையைக் காணோம். இந்தப் பக்கம் மஞ்சள் வெயில், கீழே மைல் கணக்கில் காய்ந்த மலைகள். ஆட்களெல்லாம் யன்னல்களுக்கு எழும்பி வந்தார்கள். எமரன்சியா பார்த்தாளோ என்னவோ, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஓஹியா போயிற்று, இதல்கசின்ன போயிற்று. கிளெமென்ற் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறேக் மிதிக்கிற கால்கூட ஆடவில்லை.

ஹப்புத்தளைக்குக் கிட்ட வெயில் சாய்ந்தது. எமரன்சியா பையில் இருந்து செபமாலையை எடுத்தாள். வீட்டில் விளக்கு வைக்கிற நேரம். வண்டியில் என்றாலும் நேரம் நேரந்தான். உதடு மட்டும் அசைய மணிகளை உருட்டினாள். கிளெமென்ற் மணிகளை எண்ணிக்கொண்டே இருந்தார். முடிவில் ஒரு மந்திரம் மிச்சம் இருக்கிறது. அதை இன்றைக்கு யாருக்காகச் சொல்லுவாள்? சொல்லாமலே விட்டுவிடுவாளா? ஐந்து வருஷம் ஊசியாகக் குத்திய அந்த ஒரு மந்திரம் வந்தால் போதும் என்று இப்போது அவருக்கு இருந்தது.

கடைசி மணி முடிந்தது. அவள் செபமாலையை மடித்து முத்தமிட்டுக் கையில் பொத்தி வைத்துக்கொண்டாள். முகத்தைச் சால்வையால் துடைத்தாள்.

"தந்தி வந்த வருஷம் பாவசங்கீர்த்தனத்தில போய், அந்த வாச்சரைச் சபிக்கிறன் சுவாமி எண்டு சொன்னனான்," என்றாள், யன்னலைப் பார்த்தபடி. "அவனை மன்னிச்சு ஒவ்வொரு நாளும் ஒரு மந்திரம் சொல்லச் சொன்னவர். முதல் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னனான். பிறகு பிறகு மனம் ஆறிச்சு. பாவம், மறந்துபோன மனுசன்தானே எண்டு வந்திட்டுது."

கிளெமென்ற் தலை குனிந்துகொண்டார்.

"நான் மன்னிச்சது அண்டைக்குக் கார் வராமல் செய்த மனுசனை. அவன்ர பேர் எனக்கு அப்ப தெரியாது." செபமாலையை விரலில் சுற்றினாள். "அது நீங்கள் எண்டு தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷத்தில ஆறியிருக்காது. ஆனா ஆறின மனம் ஆறினதுதான். இன்னும் கொஞ்சம் நோகும். அதுக்கு நீங்கள் பொறுக்க வேணும்."

பண்டாரவளைக்கு இன்னும் இரண்டு ஸ்டேஷன் இருந்தது. எமரன்சியா எழும்பினாள். அவரையும் எழுப்பி யன்னல் பக்கம் தள்ளிவிட்டு, பழையபடி அவருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல காதை அவர் பக்கம் சாய்த்தாள்.

"அந்த ஹயர் கார் ட்றைவருக்காக," என்று தொடங்கினாள். "கேக்கிற மாதிரிச் சேர்ந்து சொல்லுங்கோ."